சந்திரம்மா கையில் கொடி

சந்திரம்மா முதன்முதலாக விமானம் ஏறியபோது அவளுக்கு வயது நாற்பத்தேழு. ஊர் சுற்றிப் பார்க்க ஏறவில்லை. ரமா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

மல்லேஸ்வரத்தில் சுந்தரராமன் வீட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சுந்தரராமன் பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷிமோகா, ராய்ச்சூர் பக்கமெல்லாம் பாலம் கட்டியவர். அவர் மனைவி ரமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து யோசித்துத்தான் வந்தது. சந்திரம்மா அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தவள். ஆளைத் தூக்கி உட்கார வைப்பது, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைப்பது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவருக்கு ஏதாவது கதை சொல்லி நாலு வாய் கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவளுக்குப் பழகிய வேலை.

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகன் ப்ரஹ்லாத் அங்கே சொந்த வீடு வாங்கினான். மூன்று மாசம் வந்து இருங்கள் என்று அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டான். சுந்தரராமன் போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தார். ரமா அம்மா இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"சந்திரா வரணும்."

சந்திரம்மாவின் புருஷன் இறந்து ஒன்பது வருஷம். மகள் சுனிதா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டு அங்கேயே பி.ஜி. விடுதியில் தங்கியிருந்தாள். அவளிடம் கேட்டதற்கு, "போய்ட்டு வாம்மா. எனக்கு ஃபோட்டோ மட்டும் அனுப்பு," என்றாள். அல்சூர் கௌதமபுரத்தில் இருந்த ஒற்றை அறை வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் சந்திரம்மா கிளம்பினாள்.

போய் இறங்கிய ஊர் சின்ன ஊர். அதன் பெயரைப் ப்ரஹ்லாத் சொல்லும்போது தொண்டையைக் காறுவதுபோல் இருந்தது. சந்திரம்மா அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கவே இல்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தாள். எந்த வீட்டிலும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே சாப்பிடுகிறவர்களின் தட்டு வரை தெரிந்தது. ஒரு பெண் சைக்கிளுக்கு முன்னால் மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதில் மூன்று குழந்தைகளையும் ஒரு நாயையும் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போனாள். குப்பைத் தொட்டி தரைக்கு மேலே இடுப்பளவுதான் இருந்தது. மீதி முழுக்கப் பூமிக்கு அடியில் என்று ப்ரஹ்லாத் சொன்னபோது, அதை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வந்து கிரேன் போட்டு அதை வேரோடு பிடுங்குவதுபோல் தூக்கியதை அவளே நின்று பார்த்துவிட்டு வந்து அவனுக்குச் சொன்னாள்.

ஒன்றுதான் அவளுக்குப் பழகவில்லை. ஊரில் சத்தமே இல்லை. ஹாரன் இல்லை, தெருவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சில நாள் அவளுக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்றுகூடத் தோன்றியது.

இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணி. ரமா அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தாயிற்று. பன்னிரண்டு வரை தூங்குவார். சந்திரம்மா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்போது தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. ஒரு நீள விசில். சற்றுக் கழித்து இரண்டு சின்ன விசில். அந்த ஊருக்கு வந்து அவளுக்கு அர்த்தம் புரிந்த முதல் சத்தம் அதுதான்.

"சார், அம்மா தூங்கறாங்க. நான் ஸ்வல்ப நடந்துட்டு வரட்டா?" என்று சுந்தரராமனிடம் கேட்டுவிட்டு, ப்ரஹ்லாத் வாங்கித் தந்த தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு சத்தம் வந்த பக்கம் நடந்தாள்.

வாய்க்கால் ஒன்றைத் தாண்டி, வரிசையாக நின்ற நெட்டை மரங்களுக்குப் பின்னால் மைதானம் இருந்தது. சுவர் இல்லை, கேட்டில் ஆள் இல்லை. பச்சைப் பசேலென்று தரை. அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். புல் பிளாஸ்டிக். அதற்கு நடுவில் கடுகுபோல் கறுப்புக் கறுப்பாக ரப்பர் துணுக்கு. ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தாள். டயர் கடை வாசனை அடித்தது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளை நிறுத்தி வைத்தது என்னவென்றால், ஒரே டீமில் பையன்களும் பெண்களும் கலந்து ஆடினார்கள். மூன்றாம் நம்பர் சட்டை போட்ட ஒரு பெண், இரட்டைப் பின்னல், தன்னைவிட ஒரு சாண் உயரமான பையனின் காலிலிருந்து பந்தை வழித்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு யாரும் சிரிக்கவும் இல்லை, வியக்கவும் இல்லை. அப்பா அம்மாக்கள் கையில் காப்பியோடு கோட்டோரம் நின்றிருந்தார்கள். ரெஃப்ரி எழுபது வயது தாண்டிய வழுக்கைத் தலைக்காரர், அந்த வயதிலும் பிள்ளைகளோடு ஓடினார். ஒரு மணி நேரம் முழுக்கப் பார்த்தாள் சந்திரம்மா. ஒருத்தர்கூட ரெஃப்ரியின் அம்மாவை இழுத்துத் திட்டவில்லை. இதை அவளால் நம்பவே முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் கோட்டை மாட்டும்போது சுந்தரராமன் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"சனிக்கிழமையானா எங்கே போறே சந்திரம்மா?"

"பக்கத்துல கிரவுண்டு இருக்கு சார். பசங்க ஃபுட்பால் ஆடறாங்க. பாத்துனு வருவேன்."

"ஃபுட்பாலா? நீயா?"

"ஆமா சார்."

அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் ப்ரஹ்லாத்தும் அவன் மனைவி ஸ்னேஹாவும் இருந்தார்கள். ரமாவை அவர்களிடம் விட்டுவிட்டு, குல்லாயைப் போட்டுக்கொண்டு அவரும் அவளோடு கிளம்பினார். இரண்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான்.

மைதானத்தில் ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. சிவப்புச் சட்டை போட்ட உள்ளூர் டீம் ஒரு பக்கம், நீலச் சட்டை போட்ட வெளியூர் டீம் ஒரு பக்கம் ஓடிப் பழகிக்கொண்டிருந்தன.

"உனக்கு எப்படி இதிலே இவ்வளவு இஷ்டம்?" என்றார் சுந்தரராமன்.

"நான் கௌதமபுரம் சார்."

"அதனாலே?"

சந்திரம்மா அவரைப் பார்த்தாள். பெங்களூரில் மற்ற பேட்டைகளில் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிற நேரத்தில் கௌதமபுரத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது தெரியாத ஒருவர் பெங்களூரில் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"கௌதமபுரம் எங்கே வர்றது?"

"அல்சூர்ல சார். லேக்குக்கு இந்தாண்ட."

"ஐம்பது வருஷமா பெங்களூர்லே இருக்கேன். அந்தப் பக்கம் வந்ததே இல்லே," என்றார் அவர், யாரோ தன்மேல் குற்றம் சொன்னதுபோல.

பிள்ளைகள் நடுவட்டத்தில் சும்மா பந்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார், இந்த ஆஃப்சைடு ஆஃப்சைடு என்கிறார்களே, அது என்ன, டி.வி.யில் பார்க்கும்போதெல்லாம் தனக்கு அதுதான் புரிகிறதில்லை என்று. சந்திரம்மா காலால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள்.

"இவன் எதிர் டீமு. இவனுக்கு முன்னாடி நம்ம கீப்பர விட்டுட்டு நம்ம டீம் ஆளு இன்னும் ஒருத்தனாச்சும் இருக்கணும் சார். அந்த ஆளத் தாண்டி நின்னுனு பந்து வாங்கினா ஆஃப்சைடு."

"சரியா நேருக்கு நேர் நின்னா?"

"நேருக்கு நேர்னா ஓகே. தாண்டினாதான் தப்பு. பந்த ஒதைக்கிற டைம்ல எங்க நிக்கறான்னு பாக்கணும். வந்து சேர்ற டைம்ல இல்ல."

சுந்தரராமன் யோசித்தார். "அப்போ லெவல் பாக்கறவன் அந்தக் கடைசி ஆளுக்கு நேரா நின்னாத்தான் தெரியும். ஓரமா சாய்ஞ்சு நின்னா தப்பாத் தெரியும்."

"அதான் சார். கரெக்டாச் சொல்லிட்டீங்க."

"நேக்குத் தெரியாதா. முப்பத்தஞ்சு வருஷம் லெவல்தான் பாத்தேன்." அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு, "அதான் நீ நிக்காம நடந்துண்டே இருக்கியா?" என்றார்.

"எப்ப சார்?"

"இப்பத்தான். அந்தப் பசங்க பந்தைத் தள்ளிண்டு போறச்சே கூடவே போறே, திரும்பறச்சே திரும்பறே."

சந்திரம்மாவுக்கு அது தெரியாது. வெட்கமாகப் போயிற்று. "சும்னே சார்," என்றாள்.

அதைக் கவனித்தது அவர் மட்டும் இல்லை. சிவப்பு டீமின் பயிற்சியாளர் மரீக்கெ என்ற உயரமான பெண். அவள் இரண்டு வாரமாகவே இந்தக் கோட்டுக்காரம்மா கடைசித் தடுப்பாளருக்கு நேராகவே நகர்வதைப் பார்த்து வைத்திருந்தாள். அங்கே பிள்ளைகள் ஆட்டத்தில் ரெஃப்ரி ஒருவர்தான். கோட்டோரம் கொடி பிடிப்பது ஒவ்வொரு டீமிலிருந்தும் ஒரு அப்பாவோ அம்மாவோ. தன் டீம் தடுக்கிற பாதியில் நின்று, எதிர் டீம் ஆஃப்சைடு நின்றால் கொடியைத் தூக்க வேண்டும். வழக்கமாகக் கொடி பிடிக்கும் அப்பாவுக்குக் காய்ச்சல். மற்ற பெற்றோர்கள் எல்லோரும் மரீக்கெ பார்த்ததும் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

மரீக்கெ மஞ்சள் கொடியோடு நேரே சந்திரம்மாவிடம் வந்தாள். ஆங்கிலத்தில் ஏதோ வேகமாகக் கேட்டாள். சுந்தரராமன் நடுவில் புகுந்து, இவர் என் மனைவியைக் கவனித்துக்கொள்கிறவர், ஊருக்குப் புதுசு, என்றெல்லாம் விளக்கினார். மரீக்கெ பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, ஆனால் இவருக்கு ஆஃப்சைடு தெரியுமா என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும் சந்திரம்மாவுக்கு. "ஆஃப்சைடு, யெஸ்," என்றாள்.

கொடி கைக்கு வந்துவிட்டது.

அவள் கையில் அப்படி ஒன்று கடைசியாக இருந்தது பதினான்கு வயதில். அது கொடி இல்லை, அவள் அப்பா சின்னப்பாவின் சிவப்புத் துண்டு. கௌதமபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை கீழ்ச்சந்துக்கும் மேல்ச்சந்துக்கும் ஆட்டம் நடக்கும். தம்பி உமேஷ் ஒரு டீம், பெரியப்பா பையன் இன்னொரு டீம். இரண்டு பக்கமும் நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான் என்று பதினோரு வயதில் அவளைக் கோட்டோரம் நிறுத்தினார்கள். பெண்களை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. துண்டைத் தூக்குவது ஆட்டத்தில் சேராது என்பதால் விட்டார்கள். மூன்று வருஷம் தூக்கினாள். வயதுக்கு வந்த பிறகு, பையன்களுக்கு நடுவில் என்ன ஓட்டம் என்று அம்மா துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பார்த்ததோடு சரி. அதுவும் வேலைக்குப் போகிற வழியில், திரும்புகிற வழியில்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ஐந்து நிமிஷம் பிள்ளைகளின் வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. செம்மண்ணில் பந்து எகிறும், தடுக்கும். இந்தப் பிளாஸ்டிக்கில் அது எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. செருப்பைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு ஓடினாள். பத்தாவது நிமிஷம் நீலச் சட்டைப் பையன் ஒருவன் இரண்டு அடி முன்னால் நின்று பந்து வாங்கினான். கொடி தானாக மேலே போயிற்று. ரெஃப்ரி பார்த்தார், விசில் ஊதினார், அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். நீல டீமின் பெற்றோர்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. சந்திரம்மாவுக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது. கோட்டைக் கழற்றிச் சுந்தரராமனிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றார்.

இடைவேளையில் ரெஃப்ரிக்கும் கொடிக்காரர்கள் இரண்டு பேருக்கும் தட்டில் வைத்து டீ வந்தது. பாலில்லாத டீ. ரெஃப்ரியின் பெயர் யோஸ். அவர் அவளிடம் இந்தியாவா என்று கேட்டார். பெங்களூர் என்றாள். அங்கேயும் கொடி பிடிப்பீர்களா என்றார். "ஸ்மால் டைம்," என்றாள். சின்ன வயதில் என்று சொல்ல நினைத்தாள். யோஸ் அதைப் புரிந்துகொண்டதுபோல் தலையாட்டினார்.

இரண்டாம் பாதியில் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று இறுகி நின்றது. முடிய இரண்டே நிமிஷம். நீல டீமின் நடுவில் இருந்த பையன் பந்தை உயரத் தூக்கி முன்னால் அடித்தான். ஒன்பதாம் நம்பர் போட்ட, காதோரம் முடி வழித்த பையன் ஓடினான். பந்து உதைபட்ட கணத்திலேயே, சந்திரம்மாவின் கண்ணுக்கு எதிரே நின்ற சிவப்புத் தடுப்பாளர்கள் மூன்று பேரையும் அவன் ஒரு முழம் தாண்டியிருந்தான். கொடி போயிற்று. அவன் பந்தை வலைக்குள் அடித்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு திரும்பினான். விசில் ஊதியிருந்தது. கோல் இல்லை.

சிவப்புப் பெற்றோர்கள் மூச்சு விட்டார்கள். ஒருத்தர் வந்து சந்திரம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் அவள் மைதானத்தின் அந்தக் கோடியைப் பார்த்தாள். அங்கே, எதிர்க்கோட்டின் ஓரம், மற்றவர்களைவிட நன்றாகப் பின்னால், தங்கள் கோல் பக்கமாக, சிவப்பு டீமின் மூன்றாம் நம்பர் இரட்டைப் பின்னல் பெண் ஷூ லேஸைக் கட்டி முடித்துவிட்டு எழுந்து நின்றாள்.

குனிந்து உட்கார்ந்திருந்தாலும் ஆள் ஆள்தான். அவள் அங்கே இருந்ததால் ஒன்பதாம் நம்பர் கடைசி ஆளைத் தாண்டவே இல்லை. சொல்ல வேண்டும் என்று சந்திரம்மா வாய் எடுத்தாள். எந்த மொழியில் சொல்வது என்று யோசித்தாள். தோளைத் தட்டியவர் இன்னும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் சிவப்பு டீம் பந்தை உதைத்துவிட்டது. ஆட்டம் ஓடியது. யோஸ் கடைசி விசிலை ஊதினார். இரண்டுக்கு இரண்டு.

பிள்ளைகள் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொண்டார்கள். சந்திரம்மா கொடியைச் சுருட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றாள். நீல டீமின் பக்கமிருந்து ஒரு அப்பா செல்போனோடு மெதுவாக நடந்து வந்தார். கோபமாக இல்லை. போனை அவளுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அதில் எல்லாம் பதிவாகியிருந்தது. பையன் பந்தை அடிக்கிறான், ஒன்பதாம் நம்பர் கிளம்புகிறான், திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி குந்தி உட்கார்ந்திருக்கிறது. சந்திரம்மா ஒருமுறை பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் முறை அவளே விரலால் நிறுத்திப் பார்த்தாள்.

பிறகு நேராக யோஸிடம் நடந்தாள்.

"சாரி சார். மை மிஸ்டேக். நோ ஆஃப்சைடு. தட் கேர்ள்..." லேஸ் கட்டுவதற்கு ஆங்கிலம் வரவில்லை. குனிந்து, இல்லாத லேஸைக் கட்டிக் காட்டினாள். சுந்தரராமன் ஓடி வந்து மீதியைச் சொன்னார்.

யோஸ் போனைப் பார்த்தார். தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். நானும் அவளைப் பார்க்கவில்லை, விசில் ஊதியது நான், ஊதியது ஊதியதுதான், இரண்டுக்கு இரண்டு என்றே எழுதப்போகிறேன் என்றார். மரீக்கெ பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் பின்னல் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவள் தன் ஷூவைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சந்திரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பையன் எங்க சார்?" என்றாள்.

ஒன்பதாம் நம்பர் கேன்டீன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, காகிதக் கூம்பிலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தான். சந்திரம்மா அவன் எதிரில் போய் நின்று சாரி என்றாள். அவன் அடித்தது சரியான கோல்தான், தப்பு இவருடையது என்று சுந்தரராமன் ஆங்கிலத்தில் விளக்கினார். பையனுக்கு ஆங்கிலம் நன்றாகவே வந்தது. அவன் தோளைக் குலுக்கினான். கோலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"நீங்கள் ஏன் ஷூ இல்லாமல் ஓடினீர்கள்?" என்றான்.

சுந்தரராமன் தமிழில் சொல்ல, சந்திரம்மா பதில் சொன்னாள். "பழக்கம்ப்பா. எங்க ஏரியால பாதிப் பேரு வெறுங்கால்ல தான் ஆடுவாங்க."

"புல் குத்தாதா?"

"புல்லு ஏது? செம்மண்ணு. கல்லு வேற இருக்கும்."

பையன் வறுவலை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். "விழுந்தால்?"

சந்திரம்மா இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். எலும்போரம் நீளமாக ஒரு வெளுத்த தழும்பு. பந்து சாக்கடையில் விழாமல் பிடிக்கப் போய் அவள்தான் சாக்கடையில் விழுந்தாள், பத்து வயதில், ஏழு தையல். சுந்தரராமன் அதை மொழிபெயர்ப்பதற்கு முன் தானே குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். பையன் உடனே சாக்ஸை இறக்கிக் கணுக்காலில் இருந்த தன் தழும்பைக் காட்டினான். அவனுடையது சைக்கிள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உங்களுடையதுதான் பெரிசு என்று ஒப்புக்கொண்டான். பிறகு காகிதக் கூம்பை அவள் பக்கம் நீட்டினான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாய்க்கால் பாலத்தில் சுந்தரராமன் நின்றார்.

"அவர் அந்த வீடியோவைக் காட்டாம இருந்தா நோக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்லையா?"

"இல்ல சார். முன்னாடியே தெரியும்."

"எப்போ?"

"கொடி தூக்கின ஒடனே. அந்தப் பொண்ணு எந்திரிச்சத பாத்துட்டேன்."

"அப்போ ஏன் அப்பவே சொல்லலே?"

சந்திரம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாத்து தன் குஞ்சுகளோடு பாலத்துக்கு அடியில் போயிற்று. "தெர்ல சார்," என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. என்னத் தட்டிக் குடுத்தாங்க. அத விட மனசு வரல," என்றாள்.

சுந்தரராமன் கோட்டை அவளிடம் கொடுத்து, "போட்டுக்கோ, காத்து அடிக்கறது," என்றார்.

அன்று ரமா அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போது, நடந்ததை எல்லாம் சந்திரம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். ரமா அம்மா அரை மணி நேரத்தில் முடிக்கிற சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கொடிக்கார அப்பாவுக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டது. இனித் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று சந்திரம்மா பெற்றோர்களோடு நின்றாள். மரீக்கெ வந்து கொடியை அவள் கையில் வைத்தாள். அந்த அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நிம்மதியாகக் காப்பி வாங்கப் போனார். ஆட்டங்கள் முடியும் வரை இன்னும் ஐந்து சனிக்கிழமை அவள் கொடி பிடித்தாள். இரண்டு முறை மரீக்கெயின் காரில் வெளியூருக்கும் போனாள். ஒரு ஊரில் ஆட்டத்தின் நடுவே பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆடு ஒன்று உள்ளே வந்துவிட்டது. ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். மறுபடி எப்படித் தொடங்குவது என்று பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசினார்கள். சட்டத்தில் அதற்கும் ஒரு வழி எழுதியிருக்கிறது என்று தெரிந்தபோது சந்திரம்மா அசந்துபோனாள். இத்தனை நாள் அவள் தெரிந்து வைத்திருந்தது எல்லாம் கண்ணால் பார்த்தும், சண்டையில் கேட்டும் தெரிந்துகொண்டது. எழுதி வைத்த புத்தகம் ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ஜூலையில் பெங்களூர் திரும்பினார்கள். மழை பெய்து கௌதமபுரம் மைதானம் சேறாகக் கிடந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே சந்திரம்மா அங்கே போனாள். சின்னப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற டென்சில் அங்கே இருந்தான். அவள் வயதுக்காரன். ஒரு காலத்தில் மேல்ச்சந்து டீமின் கோல்கீப்பர். வெளிநாட்டில் கொடி பிடித்ததை, இடைவேளை டீ வரை, அவனிடம் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"டென்சில், உங்க மேட்ச்சுக்கு லைன் பாக்க ஆள் வேணுமா?"

"யாரு, நீயா?" அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நம்ம ஆளுங்க வாய் உனக்குத் தெரியும்ல சந்திரா. ஃபாரின் மாதிரி டீ எல்லாம் தரமாட்டாங்க."

"தெரியும். பொறந்ததுலேர்ந்து கேட்டுனு இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை நட்பு ஆட்டங்களுக்கு வா என்றான். பெரிய ஆட்டத்துக்கு வேண்டுமானால் அசோசியேஷனில் பரீட்சை எழுத வேண்டும், வயசு வரம்பு என்ன என்று விசாரித்துச் சொல்கிறேன், எதற்கும் படித்துவை என்று தன்னிடம் இருந்த விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தான். முழுக்க ஆங்கிலம். நூறு பக்கத்துக்கு மேல்.

அதைச் சந்திரம்மா மல்லேஸ்வரத்துக்கு எடுத்துப் போனாள். சுந்தரராமன் வாங்கிப் புரட்டினார். மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வாசித்துத் தமிழில் சொல்ல, சந்திரம்மா ரமா அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டே கேட்டாள். சில இடத்தில், "இப்படி எல்லாம் நடக்காது சார், புக்குல தான்," என்பாள். சில இடத்தில் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னொரு வாட்டி படிங்க," என்பாள். ஒரு நாள் ஆட்டக்காரர்களின் உடுப்பு பற்றிய பகுதி வந்தது. சுந்தரராமன் சலிப்போடு வேகமாகப் படித்துக்கொண்டு போனார். ரமா அம்மா இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். வார்த்தைகளைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இருவரும் காத்திருந்தார்கள்.

"கீப்பருக்கு மட்டும்... ஏன் வேற கலர்?"

சுந்தரராமன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகத் தேடினார். "வேற கலர் போடணும்னு இருக்கு. ஏன்னு போடலியே," என்றார். பிறகு சந்திரம்மாவைப் பார்த்தார்.

சந்திரம்மா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கூட்டத்துல யாரு கையால பந்தத் தொட்டாங்கன்னு ரெஃப்ரிக்குத் தெரியணும்லம்மா," என்றாள்.

ரமா அம்மா அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். சரி என்று தலையசைத்து வாயைத் திறந்தார். சுந்தரராமன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.